பனி ஸ்கூட்டர் பார்த்த கதை

அன்று பின்னேரம் போட் எஞ்சின் திருத்துகிற என்னுடைய கராஜில் இருந்தவர்கள்.

நான். மர வாங்கில்.

தம்பியின் மனைவி. பிளாஸ்டிக் கதிரையில்.

அவளுடைய தகப்பன். சம்பூரில் மீன்பிடிக்கிறவர். பழைய எஞ்சின் பெட்டி ஒன்றில் குந்தியிருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். கிண்ணியாவில் எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கிறவர். எனக்கு பிளக், சீல், பெயரிங் எல்லாம் அவரிடம்தான். வாசலில் நின்றார். இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டார்.

தம்பி. அவன் போனுக்குள் இருந்தான். போனை ஒரு எண்ணெய்த் தகரப் பேணியில் சாய்த்து வைத்திருந்தோம்.

தம்பி கனடாவின் வடக்கில் இருக்கிறான். தமிழ்க்கடை இருக்கிற ஊர் இல்லை. அங்கிருந்து இன்னும் மேலே. பெரிய ஏரி ஒன்று. மாரியில் அது முழுக்க உறைந்து போகும். அதன் மேலே போய், ஐஸை வெட்டி ஓட்டை போட்டு, ஐஸுக்குக் கீழே வலை விடுவார்கள். ஒரு ஓட்டையில் விட்ட கயிற்றை அடுத்த ஓட்டையில் எடுப்பது. பிறகு அந்தக் கயிற்றில் வலையைக் கட்டி இழுப்பது. இங்கே வலை பிடித்தவனுக்கு அது பெரிய வேலை இல்லை. அதனால்தான் அவனை எடுத்தார்கள்.

முன்னைய மாரிகளில் அவன் மற்றவர்களுடைய வண்டியில் பின்னுக்கு இருந்து போனவன். இந்த முறை அங்கத்தைய சம்மாட்டி சொல்லிவிட்டார். சொந்த வண்டி இருந்தால் தனி வலை தருவார், மீனில் பங்கு. இல்லையென்றால் பழையபடி கூலி. அந்த ஊரில் அவருக்கு வேறு பெயர் சொல்லுவார்கள். போட்டும் வலையும் வைத்திருக்கிறவர் எங்கே இருந்தாலும் சம்மாட்டிதான்.

தனி வலை என்றால் தனியே போக வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியாத தூரம். அங்கே போன் எடுக்காது. குளிர் சைபருக்குக் கீழே முப்பது. காற்று அடித்தால் இன்னும் கீழே. வண்டி நின்றால் ஆளும் அங்கேதான்.

தம்பியின் மனைவி வந்து இருந்ததும் சொன்னாள்.

“அண்ணை, நான் வண்டி பாக்க வரேல்லை. எனக்கு வண்டி தெரியாது. இவர் போனா திரும்பி வருவாரோ எண்டு கேக்கத்தான் வந்தனான்.”

தம்பி கூப்பிடுகிற மாதிரியே அவளும் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள்.

எங்களுடைய தகப்பன், அப்பு, கடலில் போனவர். எஞ்சின் எழும்பவில்லை. கரையிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று போட்டை வெளியே கொண்டு போனது. போட் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் அவள் எங்களுடைய வீட்டுக்கு வாழ வந்தவள்.

தம்பி போனுக்குள் இருமினான். இங்கே வெயில் சாய்கிற நேரம். அங்கே விடியவில்லை. அவன் கதைக்கும்போது வாயால் புகை வந்தது.

“மூண்டு வண்டி விலைக்கு நிக்குது. படம் அனுப்பினனான். எது எண்டு சொல்லுங்கோ.”

மாமா படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இதென்ன தம்பி, மோட்டச்சைக்கிளோ, ஸ்கூட்டரோ?”

“ஸ்னோமொபைல் மாமா. முன்னுக்கு ரெண்டு சறுக்குக் கட்டை. கீழ ரபர் பட்டி சுத்தும். டாங்கிக்கு இருக்குமே, அது மாதிரி.”

“டாங்கி எண்டா எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை,” என்றார் மாமா. “பனி ஸ்கூட்டர் எண்டு சொல்லன்.”

அதிலிருந்து எங்களுக்கு அது பனி ஸ்கூட்டர்.

முதல் படம் சிவப்பு வண்டி. பளபளவென்று இருந்தது. ஒரு இளம் பெடியனுடையதாம். மற்ற இரண்டையும் விட ஓட்டம் கூடவாம்.

“பாரம் இழுக்குமோ?” என்று மாமா கேட்டார்.

“பெரிசா இழுக்காது. பட்டி ஒடுக்கம். மீன் பெட்டி கட்டினா முக்கும்.”

“அப்ப அந்தப் பெடியனே கலியாண வீட்டுக்குப் போக வைச்சுக்கொள்ளட்டும்.”

“கலியாண வீட்டுக்கில்ல அண்ணன்,” என்றார் காக்கா. “பொம்பிளையத் தூக்கிட்டு ஓடுறத்துக்கு.”

தம்பி சிரித்தான். அவனுடைய மனைவி சிரிக்கவில்லை. சிவப்பு போனது.

அடுத்தது கறுப்பு. புதுசு மாதிரி. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். சாவி திருப்பினால் எழும்பும். சத்தம் குறைவு, பெற்றோல் குறைவு, எண்ணெய் கலக்கத் தேவையில்லை. தம்பிக்கு அதில் ஆசை. முகத்தில் தெரிந்தது. காக்காவும் அதுதான் என்றார்.

“பாஸ், ரெண்டு ஸ்ட்ரோக்கை இனி ஆரு வாங்குவான்? நம்மட ஆக்களே இப்ப நாலு ஸ்ட்ரோக்தான் கேக்கிறாங்க. கண்ணை மூடிட்டு இத எடுக்கச் சொல்லுங்க.”

காக்கா என்னை பாஸ் என்பார். எஞ்சின் திருத்துகிறவனை இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் தம்பியிடம் கேட்டேன்.

“எஞ்சினை எது குளிராக்குது?”

“தண்ணி.”

“தண்ணி எங்கயிருந்து வருது?”

“உள்ளயே சுத்துது. உறையாத தண்ணி. கீழ ஒரு தகடு இருக்கு. பட்டி சுத்தேக்க பனி எறிபட்டு அந்தத் தகட்டில விழும். அதில தண்ணி ஆறும்.”

“பனி விழாட்டி?”

“சூடாகும்.”

“நீ போற ஏரியில பனி இருக்கோ?”

கொஞ்சம் யோசித்தான்.

“கரைப்பக்கம் இருக்கு. நடுவில காத்து வழிச்சுக்கொண்டு போயிடும். வெறும் ஐஸ்தான். கண்ணாடி மாதிரி.”

“அப்ப நடுவில சூடாகும்.”

“ஓம்.”

“பற்றறி இறங்கினா இழுத்து எழுப்பக் கயிறு இருக்கோ?”

“இதுக்கு இல்லை அண்ணை.”

எனக்கு அது போதும். ஆனால் காக்கா விடவில்லை. புதுப் பற்றறி போடலாம், பற்றறியை இரவில் கழற்றி வீட்டுக்குள் வைக்கலாம் என்றார். அதுவும் சரிதான். நான் மறுக்கவில்லை. மாமாவும் கறுப்பு வண்டிக்குத்தான் சாய்ந்தார். அது பாரமாம், பாரம் நல்லதாம்.

“பாரமில்லாத போட் கடலில கூத்தாடும். பாரமானது பிடிச்சு நிக்கும். எனக்குத் தெரியாதோ?”

“மாமா, இது கடலில்லை,” என்றான் தம்பி.

“தண்ணிதானே.”

“தண்ணிதான்.”

அப்போதுதான் அவனுடைய மனைவி கதிரையை இழுத்துக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்தாள்.

“இஞ்சேருங்கோ. அந்த வண்டி எங்கயாவது புதையுமோ?”

தம்பி போனை மற்றக் கைக்கு மாற்றினான். அவள் திரும்பக் கேட்டாள்.

“புதையும்,” என்றான். “சில இடத்தில ஐஸுக்கு மேல தண்ணி ஏறி நிக்கும். அதுக்கு மேல பனி மூடியிருக்கும். பாத்தாத் தெரியாது. ஏறினாச் சேறு மாதிரி. வண்டி அதுக்குள்ள புதைஞ்சு இருந்திடும். கொஞ்ச நேரத்தில சுத்தி உறைஞ்சிடும்.”

“புதைஞ்சா என்ன செய்வியள்?”

“இறங்கி, பின்பக்கத்தைத் தூக்கி, இழுத்து எடுக்க வேணும்.”

“கறுப்பைத் தனிய ஒரு ஆள் தூக்கலாமோ?”

“ஏலாது.”

“மற்றதை?”

“மூண்டாவதையோ, அந்த மஞ்சளை? அதைத் தூக்கலாம். கஷ்டப்பட்டுத் தூக்கலாம்.”

“அப்ப ஏன் கறுப்பைப் பற்றிக் கதைக்கிறியள்?”

மாமா மகளைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். காக்கா பல்லுக்குள் சிரித்தார்.

“வண்டி தெரியாது எண்டு சொன்ன ஆள் இவதானே,” என்றார்.

மஞ்சள் மூன்றாவது. பழசு. இருக்கை கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. முன் கண்ணாடியில் வெடிப்பு. இரண்டு ஸ்ட்ரோக், அதாவது பெற்றோலோடு எண்ணெயும் எரிக்கிற எஞ்சின். இரண்டு சிலிண்டர். தண்ணி இல்லை. விசிறி ஒன்று சுற்றிக் காற்றால் எஞ்சினைக் குளிராக்கும். பட்டி அகலம், நீளம். பின்னுக்குப் போகும் கியர் இருக்கிறது. மீன் பெட்டி கட்ட இரும்புக் கொளுக்கி இருக்கிறது. சாவியும் இருக்கிறது, கயிறும் இருக்கிறது. ஒரு வயதானவர் அதில் விறகு இழுத்தவராம். இப்போது அவருக்கு ஏலாதாம்.

“எண்ணெய்?” என்று காக்கா கேட்டார்.

“தனி டாங்கி இருக்கு. தானே எடுக்கும்,” என்றான் தம்பி.

அவ்வளவுதான். எண்ணெய்க் கதை அதோடு முடிந்தது. நாங்கள் பட்டியைப் பற்றிக் கதைக்கப் போய்விட்டோம்.

விற்கிற ஆட்கள் எங்கேயும் ஒரே மாதிரித்தான். ஆள் வருகிறான் என்றால் எஞ்சினை முதலே ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள். சூடான எஞ்சின் எல்லாருக்கும் எழும்பும். அதனால் நான் தம்பிக்குச் சொன்னேன்.

“விடியச் சொல்லாமல் போ. வண்டி இரவு முழுக்க வெளியில நிண்டிருக்க வேணும். முதல் எஞ்சினில கையை வை. குளிரா எண்டு பார். சாவியைத் தொடாத. கயிறை இழு. மெதுவா இழு. ரெண்டு சிலிண்டரும் கைக்கு ஒரே பாரமாத் தெரிய வேணும். பிறகு எழுப்பு. போனைக் கிட்டப் பிடி.”

அவன் அப்படியே செய்தான். மற்ற நாள் பின்னேரம் நாங்கள் அதே நாலு பேரும் போனைச் சுற்றி இருந்தோம். அங்கே நாய் ஒன்று குரைத்தது. சப்பாத்தின் கீழ் பனி நெரிபடுகிற சத்தம் கேட்டது. அந்த வயதானவர் வெளியே வந்து ஏதோ கேட்டார். தம்பி அவருக்குப் பதில் சொல்லிவிட்டு எங்களுக்குச் சொன்னான்.

“கல்லு மாதிரிக் குளிர். கை வைக்க ஏலாது.”

“இழு.”

கயிறு இழுபடுகிற சத்தம். ஒன்றுமில்லை. திரும்பவும். ஒன்றுமில்லை. காக்கா என்னைப் பார்த்தார். திரும்பவும் இழுத்தான். எஞ்சின் ஒருக்கால் தும்மியது. அடுத்ததில் எழும்பியது. முதலில் ஒரு சிலிண்டர். பிறகு மற்றது சேர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தட்டுகிற சத்தம் இல்லை. விசிறியில் உரசல் இல்லை. கொஞ்ச நேரத்தில் சீராக வந்தது.

“பட்டியைத் திருப்பிக் காட்டு.”

காட்டினான். ரபரில் பல் குறையவில்லை. ஓரத்தில் சின்ன வெடிப்பு. பரவாயில்லை.

“எடு,” என்றேன்.

அவனுடைய மனைவி கேட்டாள். “அண்ணை, இது நிண்டு போகாதோ?”

“எல்லா எஞ்சினும் நிக்கும் பிள்ளை. நிண்டா எழுப்பக்கூடியதைத்தான் எடுக்கலாம்.”

அவள் தலையை ஆட்டினாள். அது அவளுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும்.

தம்பி மஞ்சளை எடுத்தான். என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று சொன்னேன். புது பிளக் இரண்டு, உள் சட்டைப் பைக்குள். சுற்றுகிற பெல்ட் ஒன்று மேலதிகமாக. பிளக் கழற்றுகிற சாவி. கோடாலி. லைட்டர். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே என்றும் சொன்னேன். ஓம், ஓம் என்றான்.

மார்கழி போனது. தை போனது. வண்டி ஒருநாளும் கரைச்சல் தரவில்லை. படம் அனுப்புவான். ஐஸில் போட்ட மீன் விறகு மாதிரி விறைத்துக் கிடக்கும். மாமா அதைப் பார்த்துச் சிரிப்பார்.

“இஞ்ச காய வைச்சாக் கருவாடு. அங்க வெளியில வைச்சாக் கல்லு. அடிச்சா ஆள் சாவான்.”

ஒருமுறை வண்டி புதைந்ததாம். தனியே தூக்கி எடுத்தானாம். அவன் கரைக்கு வந்து ‘வந்திட்டன்’ என்று ஒரு சொல் அனுப்புவான். எங்களுக்கு அது விடியப்புறம் வரும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் அடுப்பு மூட்டுவாள்.

ஒருநாள் அந்தச் சொல் வரவில்லை.

காலை போனது. மத்தியானம் அவள் தன்னுடைய சின்ன மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வந்து அயல் வீட்டில் விட்டுவிட்டு கராஜுக்கு வந்தாள். அதே கதிரையில் இருந்தாள். நான் ஒரு எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தேன். பூட்ட மனம் வரவில்லை. கழுவிக்கொண்டே இருந்தேன். மாமா பஸ்ஸில் வந்து சேர்ந்தார். அவருக்கு ஆர் சொன்னதோ தெரியாது.

வெயில் தாழ அவளுடைய போன் அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தாள். ஒரு பொம்பிளை இங்கிலிசில் கதைத்தாள். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. காக்காவுக்கு எடுத்துக் கதைக்கச் சொல்லி இலக்கத்தைக் கொடுத்தோம். அவர் கடைக்கு வருகிற வெள்ளைக்காரரோடு கொஞ்சம் கதைப்பவர். கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் போன் அடித்தார்.

“அது சம்மாட்டிட மகள். ஆள் இருக்காராம் பாஸ். உசிர் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு பிளேனில ஏத்திட்டாங்களாம்.”

“என்னவாம்?”

“கையாம்.”

“கைக்கு என்ன?”

“அது எனக்கு விளங்கல்ல. கை, கை எண்டுதான் சொன்னா.”

நான் அதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். அவள் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு திரும்பி வந்து இருந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி கதைத்தான். நேர்ஸ் ஒருத்தி போனைப் பிடித்திருந்தாள். இரண்டு கையிலும் வெள்ளைத் துணி சுற்றி நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்திருந்தார்கள். முகம் கன்னத்தில் கறுத்து உரிந்திருந்தது.

கராஜில் அவளும் நானும் மாமாவும் காக்காவும் இருந்தோம். அவள்தான் முதலில் கேட்டாள்.

“வண்டி நிண்டதோ?”

“ஓம். நிண்டது.”

“பிறகு?”

“எழும்பினது. அதாலதான் வந்தனான்.”

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான். மீன் ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்தானாம். எதிர்க்காற்று. எஞ்சின் இருமியதாம். ஒரு பக்கம் விட்டுவிட்டு அடித்ததாம். பிறகு நின்றுவிட்டதாம்.

“பிளக்கோ?” என்று கேட்டேன்.

“பிளக்தான். கழட்டினன். ரெண்டும் கறுப்பு. எண்ணெய் வழிஞ்சுது.”

“எண்ணெய் தானே எடுக்கிற வண்டி எண்டாய். அளவாத்தானே எடுக்கும்.”

“ஓம்.”

“பிறகு எப்பிடி வழிஞ்சது?”

அவன் கைத்துணியைப் பார்த்தான்.

“பெற்றோலுக்கும் விட்டனான் அண்ணை. கடலுக்கு.”

நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

இங்கே பெற்றோலுக்கு எண்ணெய் கலக்கும்போது அளந்து விட்டதற்குப் பிறகு பேணி மூடியால் ஒரு மூடி கூட விடுவார்கள். அதற்கு ‘கடலுக்கு’ என்று பெயர். ஆர் தொடங்கியதோ தெரியாது. அப்புவும் விட்டவர். மாமாவும் விடுகிறவர். எண்ணெய் தானே எடுக்கிற எஞ்சினுக்கும் விடுவார்கள், அந்தப் பம்பில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. எண்ணெய் கூடினால் புகை வரும். குறைந்தால் எஞ்சின் இறுகும். புகை வந்தால் வரட்டும் என்பதுதான் எங்களுடைய கணக்கு. வெயிலில், முழு வேகத்தில் ஓடுகிற எஞ்சின் அதை எரித்துவிடும். அங்கே குளிரில், மெல்ல மெல்ல இழுக்கிற எஞ்சின் எரிக்கவில்லை. பிளக்கில் சேர்த்து வைத்தது.

மஞ்சள் வண்டி பார்த்த அன்று நாங்கள் எல்லாம் கேட்டோம். இதை ஒருவரும் கேட்கவில்லை. கறிக்கு உப்புப் போடுவாயோ என்று ஆரும் கேட்பதில்லை.

“எண்ணெய் கூடி ஒரு எஞ்சினும் கெட்டதா நான் கேள்விப்படேல்லை,” என்றார் மாமா.

“இஞ்ச கெடாது அண்ணன்,” என்றார் காக்கா. மெதுவாகத்தான் சொன்னார்.

நான் கேட்டேன். “புது பிளக் வைச்சிருந்தியோ?”

“வைச்சிருந்தன். ஒண்டு போட்டன். மற்றது கைதவறிப் பனிக்குள்ள விழுந்திட்டுது. தோண்டித் தோண்டிப் பாத்தன். காணேல்லை.”

“கையுறை போடேல்லையோ?”

“அதோட பிளக் பிடிக்க ஏலாது அண்ணை. கழட்டினன்.”

“பிறகு?”

“பழசை எடுத்தன். கழுவினன்.”

எதில் கழுவினாய் என்று நான் கேட்கத் தேவையில்லை. கேட்டேன்.

“பெற்றோல்ல,” என்றான்.

பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே பெற்றோல் ஊற்றிக் கழுவியிருக்கிறான். இங்கே எல்லாரும் அப்படித்தான். நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிய முழங்கை வரைக்கும் பெற்றோலால்தான் கழுவுவேன். கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும். கிறீஸ் போகும்.

அங்கே பெற்றோல் உறையாது. தண்ணீர் ஐஸாகிவிடும், பெற்றோல் அப்படியே ஓடும். ஆனால் வெளியில் இருக்கிற குளிர் முழுக்க அதற்குள் இருக்கும். பட்ட இடத்தில் பிடித்துவிடும். இதைச் சம்மாட்டி பிறகு அவனுக்குச் சொன்னவராம். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். அதனால் ஒருவரும் அவனுக்கு முதலே சொல்லவில்லை.

“நொந்ததோ?” என்று அவனுடைய மனைவி கேட்டாள்.

“நோகேல்லை. விரல் வெள்ளையாப் போச்சு. மெழுகு மாதிரி. நோகாததால நானும் பேசாமல் வேலையைப் பாத்தன்.”

லைட்டரால் பிளக்கை உலர்த்தினானாம். லைட்டரைப் பெருவிரலால்தான் பற்ற வைத்தானாம், மற்றவை மடங்கவில்லையாம். உள்ளங்கைக்குள் பிளக் சாவியை வைத்து நெரித்துப் பூட்டினானாம். சாவி திருப்பினால் பற்றறி ஒரு முனகல். கயிற்றைப் பிடிக்க விரல் வளையவில்லை. மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி உடம்போடு இழுத்தானாம். எழும்பியதாம். மீன் பெட்டியைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு வந்தானாம். கரைக்குக் கிட்ட வர சம்மாட்டி தேடிக்கொண்டு எதிரே வந்தாராம். வண்டியிலிருந்து கையை எடுக்க ஏலாமல் அவர்தான் பிரித்து எடுத்தாராம்.

நேர்ஸ் ஏதோ சொன்னாள். போன் நின்றது.

காக்கா வெளியே போய் நின்றார். மாமா எஞ்சின் பெட்டியிலிருந்து எழும்பி, திரும்ப அதிலேயே இருந்தார். தம்பியின் மனைவி சொன்னாள்.

“வந்திட்டார்தானே அண்ணை.”

“ஓம்,” என்றேன்.

விரல்களை உடனே வெட்டவில்லை. செத்தது எது, இருக்கிறது எது என்று டொக்டருக்கும் தெரியாதாம். காத்திருக்க வேண்டுமாம். கறுப்பு ஏறி ஒரு இடத்தில் நிற்குமாம். அதுதான் கோடு. கையே காட்டுமாம்.

காத்திருந்தோம். அவள் வீட்டில் எல்லா வேலையும் செய்தாள். மகளுக்குத் தலை பின்னினாள். ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஆர் வாயில் சோறு தீத்துகிறது என்று மட்டும் ஒருநாள் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

கராஜில் வேலை நடந்தது. கட்டைபறிச்சானிலிருந்து மீன்பிடிக்கிறவர் ஒருவர் எஞ்சினோடு வந்தார். பூட்டி, பெற்றோல் கலந்து, தண்ணீர்ப் பீப்பாவுக்குள் வைத்து ஓட்டிக் காட்டினேன். எண்ணெயை அளந்து விட்டுவிட்டு மூடியைப் பூட்டினேன்.

“என்ன பாஸ், கடலுக்கு விடேல்லையே?” என்றார். “எண்ணெய்க்கும் தட்டுப்பாடோ?”

“அளவு போதும்.”

“கடலுக்குப் போறது நானோ நீரோ?”

ஒரு மூடி விட்டேன். அவர் போனார்.

மாசி முடிய வெட்டினார்கள். சம்மாட்டி வந்து பார்த்தவராம். மஞ்சள் வண்டி அவருடைய கொட்டிலில் நிற்கிறதாம். ஐஸுக்கு இனி விட மாட்டாராம். கரையில் மீன் வெட்டுகிற வேலை தருவாராம். கத்தி பிடிக்க ஏலும் என்றால்.

“ஏலுமோ?” என்று மாமா கேட்டார்.

“துணி அவிட்டாத்தான் தெரியும்,” என்றான் தம்பி. “நானே இன்னும் வடிவாப் பாக்கேல்லை.”

“வாங்கோ,” என்றாள் அவள். “இஞ்ச வாங்கோ. போதும்.”

“வந்து?”

வந்து என்ன செய்வது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இங்கேயும் வலை. இங்கேயும் கயிறு.

துணி அவிழ்த்த அன்று அவன் தானே போன் எடுத்தான். மேசையில் எதிலோ சாய்த்து வைத்துவிட்டுப் பின்னுக்குப் போய் இருந்தான். கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தான். அன்றைக்கு அவளும் நானும் மட்டும். மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டாள்.

“காட்டுங்கோ,” என்றாள்.

“பிறகு காட்டுறன்.”

“இப்ப காட்டுங்கோ.”

வலக்கையைத் தூக்கினான். பிறகு இடக்கையை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தான். அசையாமல் பிடிக்கச் சொன்னாள். பிடித்தான்.

“பெருவிரல் ரெண்டும் இருக்கு,” என்றாள்.

“ஓம். அது ரெண்டும் இருக்கு.”

“கத்தி பிடிப்பியளோ?”

“பழக வேணும்.”

அவள் போனைக் கிட்ட இழுத்தாள். போன் கண்ணாடியில் விரலை வைத்து, மிஞ்சியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். வலக்கை முடிய இடக்கை.

ஆறு.